எதிரியின் பங்குதாரர்

என் கணவர் மூன்று வருடமாக ஒரு கம்பெனியை வாய் வலிக்கச் சபித்துக்கொண்டிருந்தார். நாலாவது வருடம் அதே கம்பெனியில் பங்கு வாங்க முண்டியடித்தார். இடையில் அந்தக் கம்பெனி திருந்திவிட்டதா என்று கேட்காதீர்கள். அது அப்படியேதான் இருந்தது. இவர்தான் மாறினார்.

எங்களுடையது கண்ணாடிக் கடை. முகம் பார்க்கும் கண்ணாடி இல்லை, மூக்கில் மாட்டுகிற கண்ணாடி. முன்பக்கம் பிரேம்களை அடுக்கிய அலமாரிகள், ஒரு கவுண்டர், கவுண்டருக்குப் பின்னால் இவர். பின்பக்கம் கறுப்புத் திரை போட்ட சின்ன அறை; அதற்குள் நான். கண் பரிசோதனைக்குப் படித்தவள் நான்தான். சுவரில் தொங்குகிற சான்றிதழ் என் பெயரில்தான் இருக்கிறது. ஆனாலும் உள்ளே வருகிறவர்கள் "முதலாளி இருக்காரா?" என்று இவரைத்தான் தேடுவார்கள். அது போகட்டும், அதற்கெல்லாம் கோபப்படுவதை நான் எப்போதோ விட்டுவிட்டேன்.

அந்தக் கம்பெனி போனிலேயே கண்ணாடி விற்கிறது. ஆப்பைத் திறந்து முகத்தைக் காட்டினால் பிரேமை மாட்டி அழகு பார்க்கலாம். பவர் என்ன என்று மட்டும் நாம் சொல்லவேண்டும். அதற்குத்தான் ஜனங்கள் எங்கள் கடைக்கு வந்தார்கள். எங்களிடம் பரிசோதனை இலவசம், கண்ணாடிக்கு மட்டும்தான் காசு. அரை மணி நேரம் என் நாற்காலியில் உட்கார்ந்து, 'இது தெளிவா, அது தெளிவா' என்று என் உயிரை வாங்கிவிட்டு, நான் எழுதிக் கொடுத்த சீட்டைக் கவுண்டரிலேயே வைத்துப் போனில் படம் பிடித்துக்கொண்டு, "யோசிச்சுட்டு வர்றோம்" என்று கிளம்புவார்கள். வாசலைத் தாண்டுவதற்குள் யோசித்து முடித்து ஆர்டரும் போட்டிருப்பார்கள். ஒரு புண்ணியவான் வாசல் வரைகூடப் போகவில்லை. எங்கள் கவுண்டரில் சாய்ந்துகொண்டே, எங்கள் வைஃபை கடவுச்சொல்லை எங்களிடமே கேட்டு வாங்கி, அவர்களிடம் ஆர்டர் போட்டார்.

அதனால் இவர் அந்தக் கம்பெனிக்கு 'அந்தப் பாவி' என்று பெயர் வைத்திருந்தார். பாவி இன்னைக்கு விளம்பரம் போட்டிருக்கான், பாவி ஒண்ணு வாங்கினா ஒண்ணு இலவசம்னு குடுக்கிறான் என்று காலையில் ஷட்டரைத் தூக்கும்போது ஆரம்பித்தால் இரவு இறக்கும்போதுதான் ஓய்வார்.

பாவி இத்தனை செய்தும் நாங்கள் கடையை மூடாமல் இருந்ததற்கு ஒரே காரணம் பஸ் கம்பெனி ஆர்டர். ஒரு தனியார் பஸ் கம்பெனியின் டிரைவர்கள் அத்தனை பேருக்கும் வருடத்துக்கு ஒரு தடவை நான் கண் பார்ப்பேன். தேவைப்படுகிறவர்களுக்கு எங்கள் கடையிலிருந்து கண்ணாடி போகும். பில்லைப் பஸ் கம்பெனி கட்டும். அந்த ஒரு ஆர்டரில்தான் கடை வாடகை ஓடியது. அது போனால் கடை போகும். இது எனக்குத் தெரியும், இவருக்கும் தெரியும், கட்டட முதலாளிக்கும் தெரியும். வருடா வருடம் பஸ் கம்பெனி ஆர்டர் வந்துவிட்டதா என்று கேட்டுவிட்டுத்தான் அவர் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வருவார்.

பக்கத்துக் கடையில் போன் உறையும் சார்ஜரும் விற்கிறவருக்கு நான் வைத்த பெயர் நிபுணர். பங்குச் சந்தையில் அவருக்குத் தெரியாதது இல்லை. எது ஏறும், எது இறங்கும், ஏன் ஏறும், ஏன் இறங்கும் என்று எல்லாம் சொல்வார். இவ்வளவு தெரிந்தவர் இன்னும் ஏன் போன் உறைக்குப் பேரம் பேசிக்கொண்டிருக்கிறார் என்று நான் ஒரு நாள் கேட்டேன். அன்றிலிருந்து என்னிடம் அளந்துதான் பேசுவார்.

அவர்தான் செய்தியோடு வந்தார்.

"அண்ணே, விஷயம் தெரியுமா? உங்க ஆளு ஐபிஓ வர்றான்."

"எவன் என் ஆளு?"

"அதான், ஆப்ல கண்ணாடி விக்கிறவன். முதல் தடவையா பங்கை வெளியில விக்கிறான். நம்மள மாதிரி சின்ன ஆளுங்களுக்கும் உண்டு."

"பாவி! அவன் நாசமாப் போகட்டும்."

"போகட்டும்ணே. போறதுக்கு முன்னாடி நாம நாலு காசு பாத்துடலாம். சந்தைக்கு வர்ற அன்னைக்கே விலை டபுளாம். வெளியில பேசிக்கிறாங்க."

வெளியில் என்றால் எங்கே என்று திரைக்குப் பின்னாலிருந்து கேட்டேன். "அதெல்லாம் ஒரு வட்டாரம் அண்ணி" என்றார். அந்த வட்டாரம் அவர் போனுக்குள் இருந்தது. முகம் தெரியாத நூற்றுக்கணக்கான பேர் ஒருவருக்கொருவர் ராக்கெட் படம் அனுப்பிக்கொள்ளும் ஒரு குரூப்.

இவர் அன்றைக்கு மத்தியானம் சாப்பிடும்போது பாவியைத் திட்டவில்லை. அப்போதே எனக்குச் சந்தேகம் தட்டியது. சாயங்காலம் கடையில் ஆள் இல்லாத நேரம் பார்த்துத் திரையை விலக்கிக்கொண்டு வந்தார்.

"யோசிச்சுப் பாரு. அவன் நம்ம கஸ்டமரைத் தூக்கிட்டுப் போறான். சரியா? நாம அவன் பங்கை வாங்கிட்டோம்னா, தூக்கிட்டுப் போனதுல நமக்கும் ஒரு பங்கு வருதுல்ல?"

இத்தனை வருடம் என்னோடு குடும்பம் நடத்திய மனிதர் இப்படியும் யோசிப்பாரா என்று மலைத்துப் போனேன். "வீட்டுல திருடினவன்கிட்டப் போய்க் கூட்டு சேர்றேன்னு சொல்றீங்க" என்றேன். "வியாபாரத்துல உணர்ச்சி கூடாது" என்றார். மூன்று வருடம் உணர்ச்சியைத் தவிர வேறு எதையும் வியாபாரத்தில் காட்டாதவர்.

கம்பெனி ஒரு விளக்க ஆவணம் வெளியிட்டிருந்தது. அச்சடித்தால் தலைக்கு வைத்துப் படுக்கலாம், அவ்வளவு பக்கம். இவர் முதல் பக்கத்தில் இருந்த படத்தைப் பார்த்தார். நிபுணர் அதையும் பார்க்கவில்லை. நான்தான் மத்தியான வேளைகளில் உட்கார்ந்து படித்தேன். இதுவரை எங்களுக்கு லாபம் வந்ததே இல்லை, இனிமேல் வரும் என்றும் உறுதி சொல்வதற்கில்லை என்று அவர்களே கூசாமல் எழுதியிருந்தார்கள். படித்துக் காட்டினேன்.

"அதெல்லாம் சட்டத்துக்காக எழுதுறது அண்ணி. சிகரெட் பாக்கெட்ல படம் போடுற மாதிரி" என்றார் நிபுணர்.

"சிகரெட் பாக்கெட்ல போட்டிருக்கிறது பொய்யா?"

நிபுணர் இவரைப் பார்த்தார். இவர் என்னைப் பார்த்தார். பிறகு இரண்டு பேரும் டீ குடிக்கப் போய்விட்டார்கள்.

சின்ன முதலீட்டாளர்களுக்கு ஒதுக்கிய பங்கு கொஞ்சம், கேட்கிறவர்கள் ஏகப்பட்ட பேர். அதனால் கம்ப்யூட்டரில் குலுக்கல் போடுவார்களாம். ஒருவர் பெயரில் ஒரு விண்ணப்பம்தான் போடலாம். எனவே நிறைய பங்கு வேண்டுமென்றால் நிறைய பெயர் வேண்டும். இவர் பெயர் தேட ஆரம்பித்தார். வாழ்நாளில் என் தம்பிக்குத் தானாகப் போன் செய்யாதவர், "மச்சான், நல்லா இருக்கியா? உடம்பெல்லாம் பரவாயில்லையா?" என்று கூப்பிட்டார். தம்பி பயந்துபோய் உடனே எனக்குப் போன் செய்து, "அக்கா, மாமாவுக்கு ஏதாவது ஆயிடுச்சா?" என்று கேட்டான்.

என் மாமியாரிடமும் போனார். கூடத்தில் டிவி பார்த்துக்கொண்டிருந்தார் அத்தை.

"அம்மா, உன் பேங்க் கணக்கு கொஞ்சம் வேணும். உன் பேருல கண்ணாடிக் கம்பெனி பங்குக்கு எழுதிப் போடணும்."

"நம்ம கடையிலயா?"

"இல்லம்மா. ஆப்ல விக்கிறான்ல, அவன் கம்பெனி."

"அப்ப நம்ம கடை?"

இவர் டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டு அத்தையின் போனை வாங்கி, அதிலேயே அவர் பெயரில் ஒரு பங்குக் கணக்கும் திறந்துகொண்டார். புதிய லென்ஸ் வெட்டும் மிஷின் வாங்க நாங்கள் ஒதுக்கி வைத்திருந்த பணம் இப்படி நான்கு பேர் கணக்கில் பிரிந்து போய் உட்கார்ந்தது.

நாலாவது பேர் நான். எனக்கு இஷ்டமில்லை என்று சொல்லியும் கேட்கவில்லை. நான் ஒரு குளிர்பானத் தொழிற்சாலை ஊழியருக்குக் கண் பார்த்துக்கொண்டிருந்தபோது கவுண்டரிலிருந்து என் பெயரில் விண்ணப்பம் போட்டார். என் போன் அவர் கையில் இல்லை, என் மேசையில் இருந்தது. "ஓடிபி வந்திருக்கும் பாரு, சொல்லு, சொல்லு, டைம் ஓடுது!" என்று கத்தினார். நான் அந்த ஊழியரை அப்போதுதான் எண்கள் இருக்கிற அட்டையைப் படிக்கச் சொல்லியிருந்தேன். அவர் கடமையே கண்ணாகப் படித்தார். இவர் அதையே ஓடிபி என்று தட்டினார். தப்பு என்று வந்தது. "இன்னொரு தடவை சொல்லு!" என்றார். மங்கலாகத் தெரிந்த அடுத்த வரியை ஊழியர் யூகத்தில் படித்தார். அதையும் தட்டினார். மூன்றாவது வரியில் பேங்க் என் கணக்கைப் பூட்டிவிட்டது. சிரிப்பை அடக்க முடியாமல் நான் லென்ஸ் பெட்டியை மூடிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். அந்த ஊழியருக்குப் பார்வை எவ்வளவு மோசம் என்பதைப் பேங்க்கே உறுதி செய்துவிட்டது.

இப்படியாக என் பெயர் தப்பியது. மிச்சம் இவர், அத்தை, என் தம்பி.

குலுக்கல் முடிவு வரும் வரை இரண்டு பேரும் பண்ணிய அலம்பலைச் சொல்லி மாளாது. முதல் நாள் போட்டால் விழாது, கடைசி நாள் போட்டால்தான் விழும் என்றார் நிபுணர். பிறகு, கடைசி நாள் எல்லாரும் போடுவார்கள், நடு நாள்தான் ராசி என்றார். கம்ப்யூட்டர் போடுகிற குலுக்கலுக்கு ராசி பார்த்த முதல் ஆட்கள் இவர்களாகத்தான் இருக்கும். வாடிக்கையாளர் பிரேமை மாட்டிக்கொண்டு, "எனக்கு நல்லா இருக்கா?" என்று கேட்டால், இவர் போனிலிருந்து கண்ணை எடுக்காமலே, "பிரமாதம்" என்றார். ஒரு அம்மாள் வெறும் பிரேமைத் தலைகீழாக மாட்டியிருந்தபோதும் பிரமாதம்தான்.

முடிவு வந்தது. இவருக்கு இல்லை. தம்பிக்கும் இல்லை. அத்தைக்கு விழுந்திருந்தது.

இவர் கடையிலிருந்து வீடு வரைக்கும் போனில் கத்திக்கொண்டே போனார். "அம்மா! விழுந்துடுச்சு! நமக்கு விழுந்துடுச்சு!"

"யாரு பேருல?" என்றார் அத்தை.

"உன் பேருலதான்."

"அப்ப எனக்கு விழுந்திருக்குன்னு சொல்லு."

பங்கு சந்தைக்கு வருகிற நாள் காலையில் இவர் சலவைச் சட்டை போட்டுக்கொண்டார். டிவியில் கம்பெனியை ஆரம்பித்த இளைஞர்கள் டீசர்ட்டோடு மேடையேறி மணி அடித்தார்கள். எங்கள் கூடத்தில் நிபுணரும் இவரும் கை தட்டினார்கள். விலை இரண்டு மடங்கு ஆகவில்லை; ஆனால் நன்றாகவே ஏறி நின்றது. அத்தை தன் போனை என்னிடம் நீட்டினார்.

"இதை விக்கிறது எப்படிம்மா?"

"அம்மா, அவசரப்படாதீங்க!" என்று பதறினார் நிபுணர். "இது வளர்ற கம்பெனி. நீண்ட காலத்துக்கு வெச்சுக்கணும்."

"எனக்கு ஏதுப்பா நீண்ட காலம்?" என்றார் அத்தை. பொத்தானை அவரே அழுத்தினார். போட்ட பணத்தை மகனிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, லாபத்தில் அந்த வாரமே ஒரு வாஷிங் மிஷின் வாங்கிப் போட்டார். அதைப் பற்றி அவர் பேசவும் இல்லை.

கூடத்தில் பெரிய துக்கம் நடந்ததுபோல் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். "இப்ப விக்கிறவனெல்லாம் ஏமாளிண்ணே" என்றார் நிபுணர். விற்றவர் எதிரிலேயே உட்கார்ந்திருப்பது அவருக்கு மறந்துவிட்டது. "இந்த விலைக்குக் கிடைக்கிறதே அதிர்ஷ்டம். சாயங்காலத்துக்குள்ள எங்கயோ போயிடும்."

இவர் வாங்கினார். குலுக்கலில் விழாமல் திரும்பி வந்திருந்த லென்ஸ் மிஷின் பணம் முழுவதையும் போட்டு வாங்கினார். அத்தை விற்ற கையோடு வாங்கியதால், அம்மா விற்றதையே மகன் வாங்கியிருந்தாலும் ஆச்சரியமில்லை. நான் அடுப்படியில் நின்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். பிடுங்கியிருக்கலாம் அந்தப் போனை. ஏன் பிடுங்கவில்லை என்று இன்றைக்கும் என் மேலேயே எனக்கு எரிச்சல் வருகிறது.

சாயங்காலத்துக்குள் விலை எங்கேயோ போகத்தான் போனது. கீழே.

அடுத்த நாளும் கீழே, அடுத்த வாரமும் கீழே. வேறொருவராக இருந்தால் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். இவருக்கோ பாசம் பொத்துக்கொண்டு வந்தது. 'அந்தப் பாவி' என்ற பேச்சே கடையில் அடிபடவில்லை. "நம்ம கம்பெனி" என்றார். நம்ம கம்பெனி புது ஊர்ல கால் வெச்சிருக்கு, நம்ம கம்பெனி ஆப்பை மாத்தியிருக்கு. விலை இறங்கினால், "ஜனங்களுக்கு இன்னும் புரியல" என்று வருத்தப்பட்டார்.

புரிய வைப்பதை அவரே தன் கையில் எடுத்துக்கொள்வார் என்று நான் நினைக்கவில்லை. ஒரு நாள் கல்லூரிப் பெண் ஒருத்தி எங்கள் அலமாரியிலிருந்த ஒரு பிரேமைக் கையில் எடுத்து, வாங்கலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தாள். இவர் கவுண்டருக்கு மேல் குனிந்து, "ஆப்ல இதைவிட நல்ல மாடல் எல்லாம் இருக்கும்மா" என்று சொல்வது என் காதில் விழுந்தது. நான் திரையைக் கிழிக்காத குறையாக விலக்கிக்கொண்டு வெளியே வந்தேன். அதற்குள் அந்தப் பெண் நன்றி சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

"உங்களுக்குப் பைத்தியமா? யாராவது வந்த கஸ்டமரைத் துரத்துவாங்களா?"

"துரத்தல. நம்ம கம்பெனிக்கு அனுப்பினேன்."

"இதுதாங்க நம்ம கம்பெனி! நீங்க உக்காந்திருக்கிற இந்த இடம்!"

"உனக்கு ஒரே ஒரு பிரேம் வித்த காசுதான் தெரியுது. காலாண்டுக் கணக்கு வரப்போகுது. விற்பனை கூடினா பங்கு ஏறும். ஏறினா எவ்வளவு வரும் தெரியுமா?"

கடலில் தண்ணீர் குறைகிறதென்று வீட்டுத் தொட்டியைக் கவிழ்த்துக்கொண்டிருந்தார். எவ்வளவு சொன்னாலும் மண்டையில் ஏறவில்லை. பங்கை விற்றுத் தொலையுங்கள் என்றால், "நஷ்டத்துல விக்க நான் என்ன ஏமாளியா?" என்று கேட்டார்.

பஸ் கம்பெனி ஆர்டர் வருகிற மாதம் வந்தது. ஆர்டர் வரவில்லை. கட்டட முதலாளி இரண்டு தடவை வந்து, வாடகை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கிறீர்களா இல்லையா என்று கேட்டுவிட்டுப் போனார். "இந்த வாரம் சொல்லிடறோம்" என்றேன். நான் பஸ் கம்பெனி மேனேஜருக்குப் போன் செய்தேன்.

"அதான் மேடம், உங்க சாரே சொல்லிட்டாரே" என்றார் மேனேஜர். "அந்த ஆப் கம்பெனிக்கே குடுக்கிறதா இருக்கோம். நாளைக்குக் கையெழுத்து."

போனை வைத்த கையோடு முன்பக்கம் போய் இவரைக் கேட்டேன். மறைக்கவே இல்லை. பெருமையாகச் சொன்னார். "மேனேஜரை டீக்கடையில பாத்தேன். ஒரு பஸ் கம்பெனி முழுசா நம்ம கம்பெனிக்கு வந்தா அது பேப்பர்ல வர்ற செய்தி. ஒருநாள்ல பங்கு எகிறும். நிபுணரும் அதான் சொன்னாரு."

நான் வைத்த பெயரை இவரே மரியாதையாக உபயோகிக்க ஆரம்பித்திருந்தார்.

"அந்த ஆர்டர்லதான் நாம சாப்பிடுறோம். தெரியுமா தெரியாதா?"

"பங்கு ஏறினா ஒரே தடவையில எடுத்துடலாம். நீ எதையும் சின்னதாவே பாக்கிற."

சண்டை போட எனக்கு நேரமில்லை. கடையை அவரிடமே விட்டுவிட்டுப் பஸ் கம்பெனிக்கு ஓடினேன். டிப்போவின் ஒரு மூலையில் டீசல் வாடையோடு இருந்தது மேனேஜர் அறை. மேசை மேல் ஆப் கம்பெனியின் வண்ண வண்ணப் புத்தகம். வண்டியில் மிஷினோடு வருவார்களாம். டிரைவர் கண்ணை வைத்தால் மிஷினே பவரைச் சொல்லிவிடுமாம்.

"சார், உங்க டிரைவருங்களை எனக்கு வருஷக்கணக்கா தெரியும்" என்றேன். "முதல்ல உள்ள போறவர் வெளியில வந்ததும் அட்டையில என்ன எழுத்து இருந்துச்சுன்னு பின்னால நிக்கிறவங்களுக்குச் சொல்லிடுவார். எல்லாரும் மனப்பாடம் பண்ணிட்டு வந்து ஒப்பிப்பாங்க. அதனாலதான் நான் ஆளுக்கு ஆள் அட்டையை மாத்துவேன். போன வருஷம் ஒருத்தர் நான் அட்டையைக் காட்டுறதுக்கு முன்னாடியே படிக்க ஆரம்பிச்சார். மிஷின் பவரைச் சொன்னாலும் கடைசியில அட்டையைப் படிக்க வெச்சுத்தான் பாஸ் போடணும்; இந்த வண்டியில வர்றவங்க அதையெல்லாம் கவனிப்பாங்களா? ராத்திரி பஸ் ஓட்டுறவங்க சார்."

மேனேஜர் பேனாவை மூடித் திறந்தார். "அது வாஸ்தவம்தான் மேடம். ஆனா போன வருஷம் நீங்க நிறைய பேரை நிறுத்தி வெச்சுட்டீங்க. கண்ணாடி வர்ற வரைக்கும் ரூட்டுக்கு ஆள் இல்லாம நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். எல்லாரும் பாஸ் ஆனா நல்லதுதானே?"

நான் பேச வாயெடுத்தேன். அவர் கையைக் காட்டினார்.

"இன்னொண்ணு சொல்றேன். தப்பா எடுத்துக்காதீங்க. அந்தக் கம்பெனி ஆளுங்க மூணு தடவை வந்தாங்க. நான் நம்பல. விக்க வர்றவன் அப்படித்தான் சொல்வான். ஆனா உங்க சார் வந்து சொன்னாரு பாருங்க, அதுதான் எனக்குப் பட்டுச்சு. சொந்த ஆர்டரையே விட்டுக் குடுத்து ஒருத்தர் சொல்றார்னா, அது எவ்வளவு நல்ல சரக்கா இருக்கணும்! அப்படி ஒரு நேர்மையான மனுஷனை நான் பாத்ததில்ல மேடம்."

என் கணவர் அந்த ஆப் கம்பெனியில் பங்கு வாங்கியிருக்கிறார் என்று சொன்னேன். மேனேஜர் முகம் இன்னும் மலர்ந்தது.

"சொந்தப் பணத்தையே போட்டிருக்காரா! பாத்தீங்களா?"

இதற்கு மேல் நான் என்ன பேசுவது? டிப்போ வாசலில் நின்று அழுதேன். துக்கத்தில் வந்த அழுகை இல்லை, கோபத்தில் வந்தது. என்னைத் தெரிந்த ஒரு டிரைவர் பஸ்ஸை மெதுவாக்கி, "ஏறிக்கோங்கம்மா, கடைகிட்ட இறக்கி விடறேன்" என்றார். போகிற வழியில், இந்த வருடம் எப்போது கண் பார்க்க வருவீர்கள் என்று கேட்டார். வண்டி வரும் என்று சொன்னேன்.

மறுநாள் கையெழுத்தானது. பேப்பரில் எதுவும் வரவில்லை. பங்கு எகிறவும் இல்லை. வழக்கம்போல அன்றைக்கும் கொஞ்சம் இறங்கியது.

கட்டட முதலாளியிடம் இன்னும் கொஞ்சம் நாள் கேட்டு வாங்கினேன். அவர் கொடுத்த கெடு முடிகிற அன்றைக்குத்தான் நம்ம கம்பெனியின் பங்குதாரர் கூட்டம். போனிலேயே கலந்துகொள்ளலாம். முன்கூட்டியே பெயர் கொடுத்தால் கேள்வியும் கேட்கலாம். இவர் பெயர் கொடுத்திருந்தார். நிபுணர் தன் கடையிலிருந்து ஒரு ஸ்பீக்கரைக் கொண்டுவந்து கவுண்டரில் வைத்தார். காலையிலிருந்து வந்த ஒரே வாடிக்கையாளர், ஓய்வு பெற்ற ஒரு தபால்காரர், உள்ளே என் நாற்காலியில் இருந்தார். தலைவர் பேசினார், கணக்கு அதிகாரி பேசினார், நஷ்டம் குறைந்திருப்பதாகச் சந்தோஷப்பட்டார்கள். பிறகு இவர் பெயரைக் கூப்பிட்டார்கள். இவர் எழுந்து நின்றார். போனில் பேசுவதற்கு எதற்கு எழுந்து நிற்கவேண்டும் என்று எனக்குப் புரியவில்லை.

"வணக்கம் சார். நான் ஒரு சிறு பங்குதாரர். கம்பெனி நல்லா வளருது, சந்தோஷம். ஆனா சின்னச் சின்னக் கண்ணாடிக் கடைங்க இன்னும் நிறைய கஸ்டமரைப் பிடிச்சு வெச்சிருக்காங்க. அவங்களை எல்லாம் நம்ம பக்கம் கொண்டு வர என்ன திட்டம் வெச்சிருக்கீங்க?"

கூச்சம் கொஞ்சமாவது இருக்கும் என்று அவர் குரலில் தேடினேன். இல்லை. நிஜமான அக்கறையோடு கேட்டார்.

"அருமையான கேள்வி" என்றது ஸ்பீக்கர். "உங்களைப் போன்ற பங்குதாரர்கள்தான் நம் பலம். அந்த வேலையைத் தொடங்கிவிட்டோம். உதாரணமாக, இந்தக் காலாண்டில் ஒரு பஸ் கம்பெனியின் டிரைவர்கள் மொத்தமாக நம்மிடம் வந்திருக்கிறார்கள். பல வருடமாக ஒரு சின்ன உள்ளூர்க் கடையிடம் இருந்த ஆர்டர் அது. இதைப்போல இன்னும் நிறைய செய்வோம்."

இவர் துள்ளிக் குதித்துத் திரையை விலக்கினார். முகமெல்லாம் பல்.

"கேட்டியா? நம்ம ஆர்டர்! அத்தனை பேர் முன்னாடி நம்ம ஆர்டரைத்தான் சொல்றாரு!"

நிபுணர் கவுண்டருக்கு அந்தப் பக்கம் கை தட்டினார். தபால்காரர், லென்ஸ் மாட்டிப் பார்க்கும் சோதனைச் சட்டத்துக்குள்ளிருந்து கண்ணைச் சிமிட்டி, "என்னம்மா, நல்ல சேதியா?" என்று கேட்டார்.

"ஒரு நிமிஷம் உக்காருங்க சார்" என்று அவரிடம் சொல்லிவிட்டுப் போனை எடுத்தேன். கட்டட முதலாளி எண்ணைப் போட்டு, இவர் எதிரிலேயே பேசினேன்.

"அண்ணாச்சி, எங்களுக்கு இனிமே பின்பக்க ரூம் மட்டும் போதும். கண் மட்டும் பாக்கப் போறேன், அதுக்கு நான் காசு வாங்கிக்கிறேன். ஆமா, பக்கவாட்டு வாசல் போதும். முன்பக்கத்தை நீங்க யாருக்கு வேணாலும் விட்டுடுங்க. ஆமா, யோசிச்சுத்தான் சொல்றேன்."

இவர் முகத்தில் இருந்த பல் ஒவ்வொன்றாக உள்ளே போனது. திரும்பி முன்பக்கத்தைப் பார்த்தார். அலமாரி, கவுண்டர், தன் நாற்காலி.

"முன்பக்கத்தை விட்டுட்டா... நான் எங்க உக்கார்றது?"

"உங்களுக்குத்தான் கம்பெனி இருக்கே" என்றேன். "அங்க போய் உக்காருங்க."

நிபுணர் தன் கடைக்கு யாரோ வந்திருப்பதாகச் சொல்லி எழுந்து போனார். யாரும் வந்திருக்கவில்லை. ஸ்பீக்கரில் தலைவர் அடுத்த பங்குதாரரின் கேள்விக்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்தார். இவர் அதை நிறுத்தக்கூடத் தோன்றாமல் திரையைப் பிடித்தபடி நின்றார். அவர் கையை எடுத்துவிட்டுத் திரையை மூடினேன். மறுபடியும் முதல் வரியிலிருந்து படிக்கச் சொல்லித் தபால்காரரிடம் திரும்பினேன்.